வண்டிக்கு வயது ஐம்பத்திரண்டு

புதிதாகக் காக்கி மாட்டிக்கொண்டு வண்டி பார்க்க வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உத்தரவில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் உங்களை மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அழைக்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் அழைக்கும். நீங்கள் விளக்கைப் பார்க்கலாம், புகையைப் பார்க்கலாம், டயரைக் குனிந்து பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். மக்களைப் பொறுத்தவரை உங்கள் வேலை பிரேக். ஓய்வு பெற்ற பிறகு யோசித்துப் பார்த்தால் அது சரியான பெயர் என்றே படுகிறது. எதையாவது நிறுத்தத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். எதை நிறுத்துவது என்பதை மட்டும் மாற்றிச் சொல்வார்கள்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் உங்களிடம் நிறைய வருவார்கள். சென்னையில் இந்த வண்டிகளுக்கு கிளாசிக் கார் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக நிறுத்தி, தொப்பி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். நம் பக்கத்தில் அதற்கு 'அப்பா வண்டி' என்று பெயர். அப்பா இருக்கும்வரை ஷெட்டில் நிற்கும். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் காயலாங்கடையில் நிற்கும்.

இந்தப் பெரிய மனிதர்களிடம் வயதைக் கேட்டுப் பாருங்கள். வண்டியின் வயதை ஏற்றிச் சொல்வார்கள், தங்கள் வயதை இறக்கிச் சொல்வார்கள். இரண்டையும் கூட்டினால் மொத்தக் கணக்கு சரியாக வந்துவிடும். வண்டிக்கு எந்த மாதம் ஆயில் மாற்றினோம் என்பது விரல் நுனியில் இருக்கும். வீட்டம்மாவுக்கு எந்த முழங்காலில் வலி என்று கேட்டால் மேலே பார்ப்பார்கள்.

தங்கப்பழம் அண்ணாச்சி அந்த வகையில் தலைமகன். திருத்தங்கலில் அச்சகம் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளும் தினசரிக் காலண்டரும் அடித்தே இரண்டு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தவர். நான் சொல்லும் சமயம் அவருக்கு எண்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. கேட்டால் எழுபது தாண்டிவிட்டது என்பார். தாண்டியது உண்மைதான். தாண்டிய பிறகு எவ்வளவு தூரம் போனார் என்பதைச் சொல்லமாட்டார்.

அவருடைய வண்டி கருநீல அம்பாசிடர். கியர்க்கம்பு ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் பழைய மாடல். முன்பக்கம் ஒரே நீள சீட்டு, பெஞ்சு மாதிரி. மூத்த மகன் பிறந்த அதே ஆவணியில் வாங்கியது. இருவரையும் ஒரே நாளில் இருக்கன்குடி கோயிலுக்குக் கொண்டுபோய், ஒருவருக்கு மொட்டை போட்டு, இன்னொருவருக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. மூத்தவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட். வண்டிக்கு அசல் இன்ஜின்.

வெள்ளிக்கிழமை தோறும் அண்ணாச்சி அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவார். பக்கத்தில் அவர் மனைவி செல்வக்கனி அம்மாள் இருப்பார். வீட்டு வாசலில் ஏறியதிலிருந்து கோயிலில் இறங்கும்வரை அந்த அம்மாளின் வாய் மூடாது என்பது ஊரறிந்த விஷயம். 'அந்த வண்டிக்கு ரெண்டு ஹாரன்' என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணாச்சியின் பொறுமையைப் பற்றித் திருத்தங்கலில் பாராட்டு உண்டு.

வண்டி எஃப்.சி.க்கு, அதாவது பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் தகுதிச் சான்றுக்கு, வர ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய இரண்டு மகன்களும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூத்தவர் குடும்பத்தின் பட்டாசு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறவர். இளையவர் அச்சகம். இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். கையில் சாத்தூர் சேவு ஒரு பொட்டலம். அதைத் திருப்பிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் காட்டிய நேர்மைகளில் மிகக் கடினமானது அதுதான். அப்போதுதான் இறக்கிய சேவு, காகிதத்தைத் தாண்டி மிளகு மணத்தது.

இளையவர்தான் ஆரம்பித்தார். "சார், அப்பா வண்டி எஃப்.சி.க்கு வருது. நீங்கதான் பாக்கப் போறீகன்னு சொன்னாக. எப்படியாச்சும்…" என்று இழுத்தார். இந்த 'எப்படியாச்சும்' எங்கே போய் முடியும் என்று எனக்கு மனப்பாடம். பாஸ் பண்ணிவிடுங்கள் என்பார்கள். நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"எப்படியாச்சும் ஃபெயில் பண்ணிருங்க" என்றார்.

அப்படி ஒரு வேண்டுகோளை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். அதான் பிரச்சினையே" என்றார் மூத்தவர்.

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. கோளாறு வண்டியில் இல்லை, அப்பாவின் கண்ணில். மதுரையில் காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குள் நடுப்பகுதி கெட்டுவிட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும், இனி சரியாகாது, வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சி அந்த டாக்டருக்கு ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். லைசென்ஸ் எப்படிப் புதுப்பித்தார் என்று கேட்டேன். குடும்ப டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாராம். குடும்ப டாக்டருக்கு வயது எழுபத்தேழு. அவர் அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்தது உண்மையாக இருக்கலாம். அது அவருக்குத் தெரிந்ததா என்பது வேறு கேள்வி.

மகன்கள் என்னிடம் ஓடி வந்ததற்குக் காரணம் வெம்பக்கோட்டை ரோட்டில் நடந்தது. சாயங்காலம் ஒரு பட்டாசு யூனிட் முன்னால் பெண்கள் வேலை முடிந்து வேனுக்காக ஓரத்தில் நின்றிருக்கிறார்கள். அண்ணாச்சியின் வண்டி ரோட்டை விட்டு இறங்கி நேராக அவர்களைப் பார்த்து வந்திருக்கிறது. செல்வக்கனி அம்மாள் போட்ட கூச்சலில் நின்றது. ஒரு பெண் பின்னால் துள்ளியதில் அவள் கையிலிருந்த தூக்குவாளி விழுந்து முன்சக்கரத்தில் சிக்கிவிட்டது.

"தூக்குவாளி தோசைக்கல்லு மாதிரி ஆயிருச்சு சார்" என்றார் இளையவர்.

"புதுசு வாங்கிக் குடுத்துட்டோம். அதைவிடப் பெரிய சைஸு" என்றார் மூத்தவர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

அப்பாவிடம் நீங்களே சொல்லலாமே என்றேன். மூத்தவர், தம்பி மேல்தான் அப்பாவுக்குப் பிரியம், அவன் சொன்னால் கேட்பார் என்றார். இளையவர், அண்ணன்தான் மூத்தவர், சபையில் அவர் பேசினால்தான் எடுபடும் என்றார். மரியாதையை ஒருவர் மீது ஒருவர் இப்படிக் கொட்டிக்கொள்ளும் சகோதரர்களை நான் பார்த்ததில்லை. அம்மா சொல்லலாமே என்றேன். அம்மா ஏற்கெனவே நிறையச் சொல்கிறார், அதனால் அப்பா காதில் ஏறாது என்றார்கள். கடைசியில் இளையவர் வாய் தவறி, "சொத்து இன்னும் பிரிக்கல சார்" என்று சொல்லிவிட்டார். மூத்தவருக்கு உடனே இருமல் வந்தது.

பார்க்கலாம் என்றேன். வண்டியைப் பார்க்கலாம் என்ற பொருளில்தான் சொன்னேன். அரசாங்க ஆபீசில் 'பார்க்கலாம்' என்றால் 'ஆகட்டும்' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளும் ஊர் இது. இருவரும் கும்பிட்டுவிட்டுச் சேவோடு போனார்கள்.

மறுநாள் என் மேலதிகாரி ஒருவர் போனில் வந்தார். அவர் வீட்டுச் சுவரிலும் அண்ணாச்சியின் காலண்டர்தான் தொங்கியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். பழைய வண்டி, ஃபெயில் போட்டால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. படிவத்தில் ஒரு டிக் குறியை இடம் மாற்றிப் போட்டால் ரோட்டில் ஒரு உயிர் தப்பும். உங்கள் மனசாட்சியை அப்படியே மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பிரேக் பிடிக்காத வண்டிக்குப் பாஸ் போடச் சொன்னால் அது தப்பு என்று யாருக்கும் தெரியும். நல்ல காரியத்துக்காகப் பொய் எழுதச் சொல்லும்போதுதான் பேனா வழுக்கும். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தத் தூக்குவாளிதான் கண்ணில் நின்றது. எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் எழுதினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு படியாக யோசித்துப் பார்த்தேன். பிரேக் சரியில்லை என்று எழுதினால், அண்ணாச்சி மதுரைக்குப் போய்ப் புது பிரேக் போட்டுக்கொண்டு அடுத்த மாதம் திரும்பி வருவார். இன்ஜின் என்று எழுதினால் இன்ஜினை இறக்குவார். அதுவரை கோயிலுக்குப் போகாமல் இருப்பாரா? மகனின் புதுக் காரை எடுப்பார். அம்பாசிடராவது கிளம்புவதற்கு முன் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். புதுக் கார் சத்தமில்லாமல் பாயும். வண்டியை ஷெட்டில் பூட்டினாலும் அந்தக் கண் ரோட்டில்தான் இருக்கும். இரும்புக்கு வைத்தியம் பார்த்து மனிதனைக் குணப்படுத்த முடியாது.

எஃப்.சி. நாளன்று காலையில் வண்டி கிரவுண்டுக்குள் வந்தது. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, முன்னால் மல்லிகைச்சரம் கட்டி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வரும் பெண்ணைப் போல வந்தது. மகன்கள் இருவரும் முன்கூட்டியே வந்து, அப்பா கண்ணில் படாமல் இருக்கத் தூரத்தில் தகரக் கொட்டகை ஓரமாக நின்றார்கள். அவர் கண்ணில் படாமல் இருக்க அவ்வளவு தூரம் தேவையில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன. பயம் பழகிய இடத்தில்தான் போய் நிற்கும்.

அண்ணாச்சி இறங்கினார். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் திருநீறு. இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் சார். நல்லா இருக்கீகளா?" என்று கேட்டார், கேட் காவலாளியிடம். அவரும் காக்கிதான் போட்டிருந்தார். காவலாளி பதறிப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார்.

"சார் இங்கன நிக்காக" என்றார் செல்வக்கனி அம்மாள். அலுத்துக்கொள்கிற குரல்தான். ஆனால் அண்ணாச்சியின் கை அந்தக் குரல் வந்த பக்கமாக உடனே திரும்பியது.

வண்டியை நானே முதலில் பார்த்தேன். அன்று நான் குறை தேடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று கிடைத்தால் என் பாடு லேசாகிவிடும். கிடைக்கவில்லை. பிரேக் சொன்ன இடத்தில் பிடித்தது. விளக்கு, புகை, ஸ்டீரிங் எதிலும் பழுதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி இருக்க நமக்கெல்லாம் கொடுத்துவைக்கவில்லை. கொட்டகை ஓரம் பார்த்தேன். அதே வயதுக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கிரவுண்டுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். செல்வக்கனி அம்மாள் வழக்கம்போல முன்னால் ஏறினார். வண்டி கிளம்பியது. அந்த அம்மாள் வாயும் கிளம்பியது.

"எடது பக்கம் ஒதுங்குங்க, ஆட்டோ பளகுதான் ஒருத்தன். ம், போங்க. முன்னாடி ஆடு நிக்கி, மெதுவா, ஆடு போயிருச்சு. வளைவு வருது. இன்னும் வளைங்க. நாலு கல்லு நட்டு வச்சிருக்காக, வலது பக்கம் வாங்க."

டீக்கடையில் நானும் சிரித்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. அதில் ஒரு வார்த்தைகூட வீண் இல்லை. திட்டுவது போன்ற ராகத்தில் அந்த அம்மாள் ரோட்டை வாசித்துக்கொண்டு வந்தார். அவர் கண் இமைக்கவே இல்லை. மடியில் கிடந்த கை முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தது. ஊர் இரண்டாவது ஹாரன் என்று சொன்னது அண்ணாச்சியின் இரண்டு கண்.

சுற்று முடிந்து கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி வண்டி நின்றதும் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். அம்மா, கொஞ்ச நேரம் நீங்கள் பேசக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, அங்கே நிற்பது என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ஒரு கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம்கூட இருக்காது.

அண்ணாச்சி தலையைச் சாய்த்து, கண் ஓரத்தால் பார்த்தார். செல்வக்கனி அம்மாளின் உதடு அசைந்து நின்றது.

"ரெண்டு தூணு. வெள்ளை அடிச்சிருக்காக" என்றார்.

"அது உங்க மக்க, அண்ணாச்சி."

அவர் மறுபடியும் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "தப்பாச் சொல்லலையே. தூணு மாதிரிதான நிக்கானுக. பக்கத்துல வந்து சொல்ல வாயில்ல."

அடுத்து அவர் கேட்டது தன் லைசென்ஸைப் பற்றி இல்லை. "வண்டி?" என்றார்.

வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, பாஸ் என்றேன். அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். நீங்கள் இனிமேல் ஓட்டக்கூடாது, அரசாங்க ஆஸ்பத்திரியில் உங்கள் கண்ணைப் பார்த்து எழுதித் தரச் சொல்லி நான் குறிப்பு அனுப்பப் போகிறேன், அதுவரைக்கும்கூட இந்த ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்றேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களை வாரம் முழுக்கத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "ரெண்டு வருசமா இவதான் ஓட்டுதா. நான் ஸ்டீரிங்கப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன், அம்புட்டுதான். நான் நிறுத்திட்டேன்னு வைங்க, மறுநாளே வண்டிய காயலாங்கடைக்கு அனுப்பிருவானுக. நீங்க ஃபெயில் போட்டாலும் அதேதான். ஓடுற வண்டிய எவனும் உடைக்க மாட்டான் பாருங்க."

இந்தப் பேச்சைக் கேட்டு நீங்கள் உருகக்கூடாது. நான் ஒரு நொடி உருகினேன், உடனே தேறிக்கொண்டேன். பழைய வண்டிக்காரர்களின் பாசம் இப்படித்தான். இரும்பைக் காப்பாற்ற எலும்பைப் பணயம் வைப்பார்கள், பெரும்பாலும் அடுத்தவர் எலும்பை. வெம்பக்கோட்டை ரோட்டில் அந்தத் தூக்குவாளிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கால் இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

பதில் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. "அந்தப் பிள்ள எம் மூஞ்சியத்தான் பாத்துச்சு" என்றார் செல்வக்கனி அம்மாள். இந்த முறை அந்தத் திட்டுகிற ராகம் இல்லை. "இவுகளப் பாக்கல. நாந்தான் ஓட்டுறேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு நிமிசம் திரும்பி இந்தாளு வேட்டியில காப்பி சிந்துனதத் தொடச்சேன் சார். ஒரே நிமிசம். அதுக்குள்ள வண்டி அங்கன போயிருச்சு."

அண்ணாச்சி, "நீ எங்கிட்ட இதச் சொல்லலையே" என்றார்.

"சொன்னா நிறுத்தியிருப்பீகளா? ஒப்புக்கொண்டா பளி, ஒப்புக்கொள்ளாட்டா பாவம்னு கெடந்தேன். இனிமே என்னால ஆகாது. நீங்க ஏறினாலும் நான் ஏற மாட்டேன். நான் ஏறினாலும் வாயத் தொறக்க மாட்டேன்."

சட்டம் செய்ய வேண்டிய வேலையை அந்த இரண்டு வாக்கியம் செய்துவிட்டது. அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் காற்றில் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம். மகன்களுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், அவருக்கே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிற ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.

வண்டியிலிருந்து இறங்கி மகன்களைக் கையாட்டிக் கூப்பிட்டேன். வண்டி ஃபெயில் என்ற நல்ல செய்தியை எதிர்பார்த்து, முகத்தில் துக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார்கள். வண்டி பாஸ், ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை என்றேன். அப்பா இனிமேல் ஓட்டமாட்டார் என்றேன். இளையவர், "அப்பா, இது எங்களுக்கே இப்பதான் தெரியும்" என்று ஆரம்பித்தார். அண்ணாச்சி கையை உயர்த்தினார்.

"ஏலே, தூணு பேசாது" என்றார். பிறகு மூத்தவர் பக்கம் திரும்பி, "நீ ஏறு. வீட்டுக்கு ஓட்டு" என்றார்.

அங்கேதான் புதிய சிக்கல். மூத்தவருக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. கூடவே பிறந்த வண்டி, ஐம்பத்திரண்டு வருடமாக ஒரே ஷெட்டு, ஒரு நாள்கூட அதன் கியரைத் தொட்டதில்லை. அவர் ஓட்டியதெல்லாம் காலை வைத்தால் போகிற கார்கள். அண்ணாச்சி நகர்ந்து இடது பக்கம் உட்கார்ந்தார். செல்வக்கனி அம்மாள் இறங்கிப் பின் சீட்டுக்குப் போனார். மூத்தவர் ஸ்டீரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். வண்டி குதித்தது, நின்றது. மறுபடியும் குதித்தது, மறுபடியும் நின்றது. கிரவுண்டில் ஆட்டோ பழகிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"கிளட்ச்ச முளுசா மிதி. கேக்குதா, இன்ஜின் அளுவுது. இப்ப விடு. மெல்ல விடு" என்றார் அண்ணாச்சி. அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மூத்தவரிடம், கிரவுண்டுக்குள்ளேயே நன்றாகப் பழகிக்கொண்டு பிறகு ரோட்டில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனேன். மத்தியானம்தான் அவர்கள் கேட்டைத் தாண்டினார்கள். மேலதிகாரி அன்றே கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். வண்டி பாஸ் சார், வேறொன்று ஃபெயில் என்றேன். அந்த வருடம் எனக்குக் காலண்டர் வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

உங்களில் சிலர் இப்போதே மனதுக்குள் கேட்பீர்கள், இனி எல்லாம் இயந்திரம்தானே பார்க்கப்போகிறது, இந்தக் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்று. இயந்திரம் பிரேக்கை நம்மைவிட நன்றாகவே பார்க்கும். ஆனால் அதனிடம் யாரும் போய் ஃபெயில் போடச் சொல்லிக் கெஞ்சமாட்டார்கள். உங்களிடம் வருவார்கள். பாஸ் கேட்டாலும் ஃபெயில் கேட்டாலும், வருகிறவர் வீட்டில் யாரோ ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தை வண்டியின் மேல் எழுதாதீர்கள். வண்டிக்கு வண்டியின் உண்மையை எழுதுங்கள், மனிதனுக்கு மனிதனின் உண்மையைச் சொல்லுங்கள். காலண்டரை நீங்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். ஆற்றோரம் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் கருநீல அம்பாசிடர் நின்றது. மூத்தவர் எங்கேயோ தேங்காய் பழம் வாங்கப் போயிருந்தார். முன்னைவிட இளைத்திருக்கிறார் என்று பிறகு பார்த்தபோது தெரிந்தது. அந்த ஸ்டீரிங்கைத் திருப்பினால் சர்க்கரைகூடக் குறையும். அண்ணாச்சி முன் சீட்டில் இடது பக்கம் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்று, "அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? வண்டி எப்படி இருக்கு?" என்று வழக்கமான என் ஆபீஸ் குரலில் கேட்டேன். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஆனால் உடனே உதட்டில் விரலை வைத்தார். பின் சீட்டில் செல்வக்கனி அம்மாள் நீட்டிப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க சார்" என்றார் அண்ணாச்சி. "அவ தூங்குதா."